புலி கொல் யானையும் மாங்காய் மண்டி பில்லும்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கல்யாணம். நீங்கள் மொய் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரில் ஒருவர் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, "பழனி, சிதம்பரம், ஐநூறு" என்கிறார். மொய் நோட்டில் ஊர் முதலில், பெயர் அடுத்து, தொகை கடைசி. எனவே பழனியிலிருந்து வந்த சிதம்பரம் என்று எழுதிவிடுகிறீர்கள். அவரோ பெயரை முதலில் சொல்லிப் பழகியவர். சிதம்பரத்திலிருந்து வந்த பழனி அவர். இரண்டுமே ஊரின் பெயர், இரண்டுமே ஆளின் பெயர். நோட்டைப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. திரும்ப மொய் வைக்க வேண்டிய நாளில்தான் வீட்டில் உட்கார்ந்து, "யாருப்பா இந்தச் சிதம்பரம்?" என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

ஐநூறு மட்டும் எந்த இடத்தில் சொன்னாலும் குழம்பாது. எண் ஊராகாது. ஒரே மாதிரியான இரண்டு விஷயங்கள் பக்கத்தில் வரும்போதுதான் சிக்கல். அவர் "பெயர் பழனி, ஊர் சிதம்பரம்" என்று சொல்லியிருந்தால், எந்த வரிசையில் சொன்னாலும் சரியாக எழுதியிருப்பீர்கள்.

புரோகிராமிங்கில் பொசிஷனல் ஆர்கியுமென்ட், கீவேர்ட் ஆர்கியுமென்ட் என்று இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடும். முதலாவது இடத்தை வைத்துப் புரிந்துகொள்வது, இரண்டாவது பெயரை வைத்துப் புரிந்துகொள்வது. அவ்வளவுதான் என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன், சித்தப்பாவின் மண்டியில் கமிஷன் குறையும் வரை.

## முதலில் மூன்று சொற்கள்

ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்கான குறிப்பு. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், வேண்டியபோது பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். மண்டியில் பில் போடுவது ஒரு வேலை, அதற்கு நான் எழுதிய ஃபங்ஷனின் தலைப்பு வரி இப்படி இருந்தது:

பில்(எடை, விலை, கழிவு, கமிஷன்)

அடைப்புக்குள் இருக்கும் நான்கும் காலிப் பெட்டிகள். இவற்றுக்குப் பாராமீட்டர் என்று பெயர். கூப்பிடும்போது அந்தப் பெட்டிகளுக்குள் நாம் போடும் சரக்குதான் ஆர்கியுமென்ட்:

பில்(1000, 20, 5, 10)

ஆயிரம் கிலோ, கிலோ 20 ரூபாய், எடையில் 5 சதவீதம் கழிவு, 10 சதவீதம் கமிஷன். பெட்டி பாராமீட்டர், சரக்கு ஆர்கியுமென்ட். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வது வழக்கம், ஆனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் கறாராக இருப்போம்.

(தமிழில் பெயர் வைத்திருப்பது விளக்கத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் 3-ஆம் பதிப்பில் ஃபங்ஷனுக்கும் பாராமீட்டருக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்.)

## காணாமல் போன ஆயிரம் ரூபாய்

சித்தப்பா மண்டிக்கு வருவது பெரும்பாலும் பெங்களூரா மாங்காய். ஏட்டில் தோத்தாபுரி, மூக்கைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்குக் கிளிமூக்கு. சீசனில் கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு லோடாகப் போகும். நான் எழுதிக் கொடுத்த சின்ன பைத்தான் புரோகிராமைத் தம்பி காலேஜ் லீவில் எடுத்து, புதிதாக ஒரு ஸ்கிரீன் சேர்த்தான். அந்த ஸ்கிரீனிலிருந்து பில் ஃபங்ஷனை அவன் கூப்பிட்டது இப்படி:

பில்(1000, 20, 10, 5)

காரணம் சாதாரணமானது. சித்தப்பாவின் கை நோட்டில் கமிஷன் கட்டம் முதலில், கழிவுக் கட்டம் பிறகு. நோட்டைப் பார்த்து எழுதினான், இடம் மாறிவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சரியான பில்லில் ஆயிரம் கிலோவில் 5 சதவீதம் கழித்தால் 950 கிலோ. கிலோ இருபது வீதம் 19,000 ரூபாய். கமிஷன் 1,900. விவசாயி கைக்கு 17,100. தம்பியின் பில்லில் 10 சதவீதம் கழிந்து 900 கிலோ, 18,000 ரூபாய், கமிஷன் 900. விவசாயி கைக்கு? அதே 17,100.

கொடுக்கும் தொகை பைசா பிசகாமல் சரியாக இருக்கிறது! பெருக்கலில் எதை முன்னே வைத்தாலும் விடை ஒன்றுதான் என்பதால் வந்த வினை இது. வந்தவர் யாரும் சண்டை போடவில்லை. சரக்கை வாங்கியவருக்கு 950 கிலோவுக்குப் பதில் 900 கிலோவுக்கே பில் போனது, கமிஷனில் ஒவ்வொரு லோடுக்கும் ஆயிரம் ரூபாய் குறைந்தது. சீசன் பாதியில், "என்னப்பா, சரக்கு போன வருஷத்தைவிட ஜாஸ்தி வந்துச்சே, கமிஷன் மட்டும் ஏன் இறங்குது?" என்று சித்தப்பா கேட்டபோதுதான் உட்கார்ந்து தேடினோம். கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. காட்டவும் முடியாது. அதற்கு 10 ஒரு எண், 5 ஒரு எண்.

அந்த வரியை இப்படி எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை:

பில்(1000, 20, கமிஷன்=10, கழிவு=5)

வரிசை மாறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் தன் பெயரோடு வருகிறது. இப்படிப் பெயரோடு வரும் சரக்குதான் கீவேர்ட் ஆர்கியுமென்ட். பெயரில்லாமல், நிற்கும் இடத்தை மட்டும் நம்பி வருவது பொசிஷனல் ஆர்கியுமென்ட்.

## உருபு விரிந்தால் பெயர், தொக்கால் இடம்

தமிழ் பேசுபவர்களுக்கு இது புதிதல்ல. "முனியன் மாட்டைக் குப்பனுக்குக் கொடுத்தான்" என்பதை "குப்பனுக்கு மாட்டை முனியன் கொடுத்தான்" என்று புரட்டினாலும் மாடு போய்ச் சேரும் இடம் மாறாது. "ஐ"யும் "கு"வும் யார் எந்த வேலைக்கு வந்தவர் என்பதை ஒட்டிக்கொண்டே வருகின்றன. வேற்றுமை உருபு என்பது ஒருவகையில் கீவேர்ட்தான். ஆங்கிலத்தில் கடித்தது நாயா மனிதனா என்பதைச் சொற்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. அது பொசிஷனல் மொழி.

உருபை மறைத்துவிட்டால் நம் மொழியிலும் தடுமாற்றம் வரும். "புலி கொல் யானை" என்பது பழைய உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இந்த மாதிரிச் சொல்லுக்குத் தடுமாறு தொழிற்பெயர் என்றே பெயர். அடுத்து வரும் சொல்லை வைத்துத் தெளியலாம் என்பது அங்கே கிடைக்கும் வழி. "புலி கொல் யானை ஓடுகிறது" என்றால் யானை உயிரோடு இருக்கிறது. "புலி கொல் யானையின் தந்தம் வந்தது" என்றால் செத்தது யானை.

மனிதர்கள் இப்படிச் சூழலைப் பார்த்துத் தெளிந்துகொள்வார்கள். பைத்தான் அதைச் செய்யாது. 10 சதவீதம் கழிவு கொஞ்சம் அதிகமாயிற்றே என்று அதற்கு உறைக்காது.

இதுவரை: பெட்டி பாராமீட்டர், சரக்கு ஆர்கியுமென்ட். சரக்கு இடத்தை நம்பி வந்தால் பொசிஷனல், பெயரோடு வந்தால் கீவேர்ட். ஒரே வகையான இரண்டு மதிப்புகள் இடம் மாறினால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

## ஒரு பெட்டிக்கு இரண்டு வாசல்

பலரும் வழுக்கி விழும் இடம் இது. "இந்த ஃபங்ஷனில் எது பொசிஷனல், எது கீவேர்ட்?" என்று கேட்பார்கள். இன்டர்வியூவில்கூடக் கேட்கிறார்கள். சாதாரணமாக எழுதிய பைத்தான் ஃபங்ஷனுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. பெட்டிக்கு அப்படி ஒரு சாதி கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன, இடத்தின் வழியாகவும் போகலாம், பெயரின் வழியாகவும் போகலாம். எந்த வாசல் என்பதைக் கூப்பிடுகிறவர் அந்த நேரத்தில் முடிவு செய்கிறார்.

இரண்டு வாசல் இருந்தால் ஒரே பெட்டிக்கு இரண்டு பேர் வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு:

பில்(20, எடை=1000, கழிவு=5, கமிஷன்=10)

படித்தால் நமக்குப் புரிகிறது. எடை, கழிவு, கமிஷன் மூன்றையும் பெயர் சொல்லிவிட்டார்கள், மீதி இருப்பது விலை, ஆகவே 20 விலைதான். பைத்தான் இந்த வரியை ஏற்காது. எடைக்கு இரண்டு மதிப்புகள் வந்துவிட்டன என்று டைப்எரர் காட்டி நின்றுவிடும்.

ஏன் என்பது அது பெட்டிகளை நிரப்பும் முறையில் இருக்கிறது. நான்கு காலிப் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொள்கிறது. முதலில் பெயரில்லாத சரக்கை இடமிருந்து வலமாகப் போடுகிறது. 20 முதல் பெட்டிக்குள், அதாவது எடைக்குள் விழுந்துவிட்டது. அப்புறம்தான் பெயரோடு வந்தவற்றை எடுத்து, அந்தந்தப் பெட்டியைத் தேடிப் போகிறது. எடை=1000 போனால் பெட்டியில் ஏற்கெனவே 20 உட்கார்ந்திருக்கிறது. அங்கேயே பிழை. இந்தத் தடங்கல் வராவிட்டால், கடைசியாகக் காலியாக இருக்கும் பெட்டிகளைப் பார்க்கும். முன்கூட்டியே வைத்த மதிப்பு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் "இது வரவில்லை" என்று இன்னொரு பிழை.

வேறு மாதிரியும் செய்யலாம். புள்ளியியல்காரர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியில் பெயரோடு வந்தவற்றை முதலில் உட்கார வைத்துவிட்டு, மீதிப் பெட்டிகளைப் பெயரில்லாத சரக்கால் வரிசையாக நிரப்புவார்கள். அங்கே மேலே உள்ள வரி நாம் நினைத்தபடியே வேலை செய்யும். எனக்குப் பைத்தானின் பிடிவாதம்தான் பிடிக்கிறது. மீதியைக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டிய வரியை இன்னொருவர் படிக்க நேர்ந்தால் அவருக்கும் அதே ஊகம் வர வேண்டுமே.

இதோடு ஒட்டிய இன்னொரு விதி. பெயர் சொல்ல ஆரம்பித்த பிறகு பெயரில்லாமல் சும்மா ஒரு மதிப்பைப் போடக் கூடாது:

பில்(எடை=1000, 20, 5, 10)

இதற்குச் சின்டாக்ஸ்எரர் வரும். முந்தையது ஃபங்ஷனைக் கூப்பிடும் நேரத்தில் வரும் பிழை, இது புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே பிடிபடும். பஸ்ஸில் ரிசர்வ் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் கலந்து ஏற்றினால் கண்டக்டர் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு சமக்குறிகள், இரண்டு வேலைகள்

குழப்பத்தில் பெரும்பங்கு இந்தச் சின்னக் கோடுகளால் வருகிறது. பிறகு நான் ஃபங்ஷனின் தலைப்பை மாற்றினேன்:

பில்(எடை, விலை, கழிவு=5, கமிஷன்=10)

இதைப் பார்த்தவுடன் தம்பி சொன்னது: "ஓ, கழிவும் கமிஷனும் இப்ப கீவேர்ட் ஆகிடுச்சா?" நிறைய பேர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அவை கீவேர்ட் ஆகவில்லை. தலைப்பு வரியில் வரும் சமக்குறிக்கு, "யாரும் எதுவும் போடாவிட்டால் இதை வைத்துக்கொள்" என்று அர்த்தம். அதற்கு டிஃபால்ட் என்று பெயர். கூப்பிடும் வரியில் வரும் சமக்குறிக்கு, "இது இந்தப் பெட்டிக்கான சரக்கு" என்று அர்த்தம். எழுத்து ஒன்று, வேலை வேறு. டிஃபால்ட் வைத்த பெட்டிக்கும் இரண்டு வாசல்கள் அப்படியே திறந்திருக்கின்றன.

அதனால் என்ன ஆகும்? கமிஷனை எட்டாகக் குறைக்க நினைத்து ஒருவர் பில்(1000, 20, 8) என்று எழுதுகிறார். 8 போய்க் கழிவில் உட்காரும். பிழை வராது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அடுத்த சீசனில் இறக்குகூலியையும் பில்லில் சேர்க்க வேண்டும் என்று, விலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியைச் செருகுகிறோம்:

பில்(எடை, விலை, கூலி=0, கழிவு=5, கமிஷன்=10)

பழைய இடங்களில் பில்(1000, 20, 5, 10) என்று சரியாகவே எழுதியிருந்தவர்கள் கதி? ஐந்து கூலியாகிவிட்டது, பத்து கழிவாகிவிட்டது, கமிஷன் டிஃபால்ட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நாம் இங்கே ஒரு பெட்டி சேர்த்ததற்கு எங்கேயோ பில் மாறுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெயர் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. "கழிவு" என்ற பெட்டியின் பெயரை நாளைக்கு "தள்ளுபடி" என்று மாற்றினால், கழிவு=5 என்று எழுதிய அத்தனை பேரும் உடைந்துபோவார்கள். ஆனால் சத்தம் போட்டு உடைவார்கள், பிழை உடனே தெரியும்.

ஆக, தலைப்பு வரியின் சமக்குறி டிஃபால்ட், கூப்பிடும் வரியின் சமக்குறி பெயர். இடத்தை நம்பியவர் வரிசை மாறினால் அடிபடுவார், பெயரை நம்பியவர் பெயர் மாறினால் அடிபடுவார்.

## வாசலை அடைக்கும் இரண்டு குறிகள்

எழுதுபவரே ஒரு வாசலை மூடிவிடலாம். 2008-இல் வந்த பைத்தான் 3.0 இதற்கு நட்சத்திரக் குறியைக் கொடுத்தது:

பில்(எடை, விலை, *, கழிவு=5, கமிஷன்=10)

நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் இருக்கும் பெட்டிகளுக்கு இட வாசல் கிடையாது. பெயர் சொன்னால்தான் உள்ளே விடும். இப்போது பில்(1000, 20, 10, 5) என்று எழுதினால், இரண்டு பொசிஷனல் ஆர்கியுமென்டுகள்தான் வாங்குவேன், நான்கு வந்திருக்கிறதே என்று பிழை வரும். எங்களுக்குத் தேவைப்பட்டது இந்தப் பிழைதான்.

எதிர்ப்பக்க வாசலை, அதாவது பெயர் வாசலை, மூடுவது சாய்கோடு. 2019 அக்டோபரில் வந்த 3.8-இல்தான் இது எல்லோர் கைக்கும் கிடைத்தது. சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் பெட்டிகளைப் பெயர் சொல்லி நிரப்ப முடியாது. நீளம் சொல்லும் லென் மாதிரி, பைத்தானோடு கூடவே வரும் சில ஃபங்ஷன்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான். நாம் எழுதும் ஃபங்ஷனில் அதைச் செய்ய நேரான வழி இல்லாமல் இருந்தது.

பெயர் சொல்வது நல்லது என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, அந்த வாசலை எதற்கு மூட வேண்டும்? ஒரு காரணம் முன்பே பார்த்தது: பெயர் வெளியே தெரியாவிட்டால் நாளைக்கு நிம்மதியாக மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு காரணம் சுவாரசியமானது. ரகங்களைப் பதிவு செய்ய ஒரு ஃபங்ஷன்:

பதிவு(பெயர், **விவரம்)

இரட்டை நட்சத்திரம் போட்ட பெட்டி ஒரு கோணிப்பை மாதிரி. எந்தப் பெட்டிக்கும் பொருந்தாத பெயரோடு வரும் சரக்கை எல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். பதிவு("தோத்தாபுரி", பருவம்="ஜூன்") என்றால் பருவம் பைக்குள் போகிறது. உள்ளூர்ப் பெயரையும் சேர்க்கலாமே என்று இப்படி எழுதினால்?

பதிவு("தோத்தாபுரி", பெயர்="பெங்களூரா")

நாம் இரண்டாவதைப் பைக்குள் போட நினைத்தோம். பைத்தானோ அதை முதல் பெட்டிக்கான இரண்டாவது சரக்கு என்று எடுத்துக்கொண்டு, பழைய "இரண்டு மதிப்புகள்" பிழையைக் காட்டுகிறது. தலைப்பை பதிவு(பெயர், /, **விவரம்) என்று மாற்றினால் முதல் பெட்டியின் பெயர் வாசல் அடைபடுகிறது. பெயர்="பெங்களூரா" போக வேறு இடமில்லை, நேராகப் பைக்குள் போய்விடும். குழப்பம் தீர்ந்தது.

## ரூபியில் ஒரு மொய்க் கவர்

இந்தத் தடுமாற்றம் பைத்தானுக்கு மட்டும் உரியதல்ல. சி, ஜாவா மொழிகள் இரண்டிலும் இடம் மட்டும்தான், பெயர் வாசலே கிடையாது. பிஎச்பி 2020-இல் வந்த 8.0-இல்தான் பெயர் வாசலைத் திறந்தது. அதிகம் அவஸ்தைப்பட்டது ரூபி.

பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாகக் கட்டிய பொதிக்கு ரூபியில் ஹாஷ் என்று பெயர். 2013-இல் 2.0 வந்தபோது கீவேர்ட் ஆர்கியுமென்ட் சேர்த்தார்கள். கடைசி ஆர்கியுமென்டாக ஒரு ஹாஷ் வந்து, ஃபங்ஷனிலும் பெயர் வாங்கும் பெட்டிகள் இருந்தால், மொழி தானாகவே பொதியைப் பிரித்து உள்ளே இருந்தவற்றைப் பெயர் வாரியாகப் போட்டுவிடும். மொய்க் கவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவரை நீட்டுகிறார். அப்படியே பெட்டியில் போட வேண்டுமா, பிரித்து உள்ளே எழுதியிருப்பதைப் படித்து நோட்டில் ஏற்ற வேண்டுமா? ரூபி பிரித்துவிடும். பிரிக்காமல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

2019-இல் வந்த 2.7 இப்படிப் பிரிக்கும் இடங்களில் எச்சரிக்கை கொடுத்தது. 2020 டிசம்பர் 25-இல் வந்த 3.0 ஹாஷையும் கீவேர்ட் ஆர்கியுமென்டையும் தனித்தனியாகவே வைத்துவிட்டது. கவரைக் கொடுத்தால் அது கவர்தான், பிரித்துப் படிக்க வேண்டுமென்றால் கொடுப்பவரே முன்னால் இரட்டை நட்சத்திரம் போட்டுச் சொல்ல வேண்டும். பழைய புரோகிராம்கள் வைத்திருந்தவர்கள் இடம் இடமாகத் திருத்த வேண்டியிருந்தது.

## மண்டிக்குத் திரும்பினால்

எல்லா இடத்திலும் பெயர் சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியது(7, 3) என்பதை முதல்எண்=7, இரண்டாம்எண்=3 என்று எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஒரே ஒரு சரக்கு போகும் ஃபங்ஷனுக்கும் பெயர் தேவையில்லை. சதவீதமும் சதவீதமும் அடுத்தடுத்து வந்தால், ஆம்-இல்லை என்று இரண்டு மூன்று வந்தால், பெட்டிகள் நாலைத் தாண்டினால் நான் பெயர் எழுதுகிறேன். எழுதாமல் விடக்கூடியவன் என்று என்னையே சந்தேகப்படும் இடத்தில் நட்சத்திரம்.

சித்தப்பாவின் புரோகிராமில் எடைக்கும் விலைக்கும் அடுத்து அந்த நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு ஓட விட்டோம். முதல் பில்லிலேயே பிழை. அதைத் திருத்தினால் அடுத்தது. மொத்தம் ஒன்பது இடங்களில் வெறும் எண்களாக எழுதியிருந்தோம். தம்பியின் ஸ்கிரீனில் ஒன்று தப்பாக இருந்தது தெரிந்த விஷயம். இன்னொன்றும் தப்பாக இருந்தது. பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுக்கும் பகுதி அது. எழுதியது நான். சித்தப்பாவிடம் அதை அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?" என்றார். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு களியை உருட்டிக்கொண்டிருந்தான்.